வொர்க்ஃப்ளோசிம்மும் அதன் எண்களும்: பணிப்பாய்வு ஆய்வில் சிமுலேட்டர்கள் குறித்த ஒரு திறனாய்வு

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். கட்டிச் சாயமிடும் பழைய முறையில் முதலில் துணியைப் புள்ளி புள்ளியாக முடிச்சிட வேண்டும். பிறகு சாயம், அலசல், காய வைத்தல், முடிச்சவிழ்த்தல். முடிச்சிடுவதைப் பத்து வீடுகளில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் செய்யலாம். சாயத்தொட்டி ஒன்றுதான் என்றால் பத்துப் பேரின் துணியும் அங்கே வரிசையில் நிற்கும். எது முன், எது பின், எவை உடன்நிகழலாம், எங்கே காத்திருப்பு என்னும் இவ்வமைப்பையே கணினி அறிவியலில் பணிப்பாய்வு என்கின்றனர். அதைத் திசையுடைய சுழற்சியற்ற கோட்டுருவாக வரைவது வழக்கம். ஒவ்வொரு பணியையும் எந்த எந்திரத்தில், எந்த வரிசையில் ஓட்டுவது என்று முடிவு செய்வது பணி அட்டவணையிடல் ஆகும்.

இந்தச் சிக்கலின் பொது வடிவத்திற்கு விரைவாகச் சிறந்த விடை காணும் வழி எதுவும் அறியப்படவில்லை. ஆகவே ஆய்வாளர்கள் தோராய வழிமுறைகளைத் தேடுகின்றனர். 2002இல் தோப்சுவோக்லு, ஹரிரி, வூ ஆகியோர் வெளியிட்ட ஹெஃப்ட் வழிமுறை இன்றும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்குப் பின் எறும்புக் கூட்டம், பறவைக் கூட்டம், மரபணு, திமிங்கிலம், சாம்பல் ஓநாய் எனப் பல உயிர்களின் பெயரால் வழிமுறைகள் வந்துவிட்டன. அவற்றில் எது மேல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டிப் பார்க்க வேண்டும். எதில் ஓட்டுவது என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

மடிக்கணினியே ஆய்வுக்கூடம்

திண்டுக்கல் சமவெளியில் 1980களின் நடுவிலிருந்தே பொறியியல் கல்லூரி உண்டு. இங்குக் கணினிப் பொறியியல் பயிலும் முதுநிலை மாணவருக்கோ முனைவர் பட்ட ஆய்வாளருக்கோ நூறு எந்திரங்கள் கொண்ட கணினித் திரள் வாய்ப்பது அரிது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 838 டெராஃப்ளாப் திறனுடைய பரம் பொருள் மீக்கணினி நிறுவப்பட்டது உண்மை. ஆனால் அத்தகைய எந்திரம் அறிவியல் கணக்குகளை ஓட்டுவதற்கானது. அட்டவணையிடும் மென்பொருளையே கழற்றி மாற்றிப் பார்க்க அதை யாரும் தரமாட்டார்கள். வணிக மேகக்கணிமையில் எந்திரங்களை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், ஒரு வழிமுறையை முப்பது முறை ஓட்டி முடிக்கும்போது உதவித்தொகை கரைந்துவிடும்.

எனவே சிமுலேட்டர் எனப்படும் உருவகக் கருவியே இங்கு ஆய்வுக்கூடம். ஆயிரம் பணிகள் கொண்ட பணிப்பாய்வை ஒரு மடிக்கணினியில் சில நொடிகளில் ஓட்டிக் காட்டும். மின்சாரம் போனால் மறுபடி ஓட்டினால் போதும். அதே விடை வரும். இந்த வசதியைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆய்வேட்டின் நான்காம் ஐந்தாம் இயல்களில் உள்ள அட்டவணைகள் எல்லாம் ஒரே கருவி தந்த எண்களாக இருக்கும்போது, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை எழுதியவரே அறியாதிருப்பது ஆபத்தானது என்பதே இங்கு சொல்லப்படுவது. மூன்று நான்கு ஆண்டு உழைப்பு அவற்றின் மேல் நிற்கிறது.

கருவிகளின் வழிமுறை

இந்தியக் கல்லூரிகளில் பெரிதும் புழங்குவது கிளவுட்சிம். இதன் மூதாதை 2002இல் ராஜ்குமார் புய்யாவும் மன்சூர் முர்ஷேதும் வெளியிட்ட கிரிட்சிம் ஆகும். புய்யா இந்தியர், ஆத்திரேலியாவில் முனைவர் பட்டம் பெற்று மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழு அமைத்தவர். அக்குழு உருவாக்கிய கிளவுட்சிம் பற்றிய முதன்மைக் கட்டுரை 2011இல் வெளிவந்தது. ஜாவாவில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். நம் கல்லூரிகளில் ஜாவா எல்லோருக்கும் சொல்லித்தரப்படுவதும், எக்லிப்ஸில் இழுத்துப் போட்டால் ஓடிவிடுவதும் அதன் பரவலுக்குப் பெரிய காரணங்கள்.

கிளவுட்சிம்மில் பணிகளுக்கிடையே முன்பின் உறவு கிடையாது. அக்குறையை நீக்கத் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த வெய்வெய் சென், ஈவா டீல்மன் இருவரும் 2012இல் வொர்க்ஃப்ளோசிம்மை அறிமுகப்படுத்தினர். டீல்மன், பெகாசஸ் என்னும் உண்மையான பணிப்பாய்வு மேலாண்மை அமைப்பை வழிநடத்துபவர். ஆகவே இக்கருவி வெறும் கற்பனையில் பிறக்கவில்லை. ஓடும் அமைப்பொன்றைப் பார்த்து எழுதப்பட்டது. அடித்தளமாக உள்ள கிளவுட்சிம் பின்னர் பல பதிப்புகள் கண்டுவிட்டது. வொர்க்ஃப்ளோசிம்மோ கிளவுட்சிம்மின் 3ஆம் பதிப்பின் மேலேயே நிற்கிறது.

மறுபுறம் இன்னொரு மரபு உள்ளது. ஹென்றி கசனோவா தொடங்கிய சிம்கிரிட், பின்னர் பிரான்சு ஆய்வாளர்களின் கைகளில் வளர்ந்தது. அதன்மேல் பணிப்பாய்வுக்கென்றே 2018இல் ரெஞ்ச் என்ற கருவி கட்டப்பட்டது. இவ்விரண்டும் சி++ மொழியில் எழுதப்பட்டவை. தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் இவற்றின் பெயரை அரிதாகவே காணலாம்.

ஆயிரத்தால் பெருக்குதல்

வொர்க்ஃப்ளோசிம்முடன் வரும் அடிப்படை எடுத்துக்காட்டைத் திறந்து பார்ப்போம். மாண்டேஜ் 100 என்ற பணிப்பாய்வுக் கோப்பு. ஒவ்வொரு மெய்நிகர் எந்திரத்திற்கும் வேகம் 1000 எம்ஐபிஎஸ், நினைவகம் 512 மெகாபைட். மாணவர்கள் பெரும்பாலும் இந்த எண்களை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

கோப்பில் ஒவ்வொரு பணிக்கும் எத்தனை நொடி ஓடும் என்று எழுதப்பட்டிருக்கும். கிளவுட்சிம்முக்கு நொடி புரியாது. பணியின் நீளத்தை மில்லியன் கட்டளைகளாகக் கேட்கும். எனவே கோப்பை வாசிக்கும் நிரல் நொடியை 1000ஆல் பெருக்கி நீளமாக்கிவிடுகிறது. 13 நொடிப் பணி 13,000 மில்லியன் கட்டளைகள் ஆகிறது. அதை 1000 எம்ஐபிஎஸ் எந்திரத்தில் ஓட்டினால் மீண்டும் 13 நொடி. இதுவரை தவறில்லை, கோப்பு சொன்னதையே கருவி திருப்பிச் சொல்கிறது.

இப்போது ஆய்வாளர் சில எந்திரங்களை 2000, 4000 எம்ஐபிஎஸ் என மாற்றுகிறார். வேறுபட்ட எந்திரங்கள் உள்ள சூழல் என்று ஆய்வேட்டில் எழுதுகிறார். கருவி அதே பணியை 6.5 நொடியிலும் 3.25 நொடியிலும் முடித்துக்காட்டுகிறது. ஆனால் மாண்டேஜ் என்பது வானத்தின் பல படங்களை ஒன்றாகத் தைத்துப் பெரிய படமாக்கும் பணிப்பாய்வு. அதன் பணிகள் பெரும்பான்மையும் வட்டிலிருந்து படிப்பதிலும் எழுதுவதிலும் நேரத்தைச் செலவிடுபவை என்பது அதே கலிபோர்னியக் குழுவினர் அளந்து வெளியிட்ட செய்தி. வட்டுக்காகக் காத்திருக்கும் பணிக்கு நான்கு மடங்கு வேகமான செயலியைக் கொடுத்தால் நான்கில் ஒரு பங்கு நேரத்தில் முடியுமா? சாயம் ஏறக் காத்திருக்கும் துணிக்கு முன்னால் ஒரு ஆளுக்குப் பதில் நான்கு ஆள் நின்றாலும் சாயம் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

வேகமான எந்திரத்தைத் தேடிப் பணிகளை அங்கே அனுப்பும் எந்த வழிமுறையும் இச்சூழலில் நன்றாகவே தெரியும். அந்த ஆதாயத்தில் எவ்வளவு வழிமுறையுடையது, எவ்வளவு அந்த ஒரு பெருக்கலுடையது என்பதை அட்டவணையைப் பார்த்துப் பிரிக்க இயலாது.

ஒரே தொட்டி, எல்லோருக்கும் முழுத் தொட்டி

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அடிப்படை எடுத்துக்காட்டில் எல்லா எந்திரங்களும் ஒரு பொதுச் சேமிப்பகத்திலிருந்து கோப்புகளைப் பெறுகின்றன. அச்சேமிப்பகத்தின் வேகம் நொடிக்கு 15 மெகாபைட் என நிரலில் எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவில் அந்நாளில் இருந்த ஃபியூச்சர்கிரிட் என்ற ஆய்வுத்தளத்திலிருந்து எடுத்த எண் என்றும், பயனர் தன் எண்ணை இட்டுக்கொள்ளலாம் என்றும் நிரலிலேயே குறிப்பு இருக்கிறது.

ஒரு பணிக்கு 30 மெகாபைட் கோப்பு வேண்டும் என்றால், கருவி 30ஐ 15ஆல் வகுத்து 2 நொடியைப் பணியின் நேரத்தோடு கூட்டுகிறது. அதே கணத்தில் இன்னும் 19 பணிகள் அதே சேமிப்பகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால்? அவற்றுக்கும் தலா 2 நொடிதான். அதாவது 600 மெகாபைட் 2 நொடியில் வந்துவிடுகிறது. நொடிக்கு 15 மெகாபைட் தரும் சேமிப்பகம் உண்மையில் அதற்கு 40 நொடி எடுக்கும். இருபது மடங்கு வேறுபாடு.

இது நிரலாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நெரிசலைக் கணக்கிடாமல் விட்டால் நிரல் எளிதாகும், வேகமாக ஓடும். ஆனால் அட்டவணையிடல் ஆய்வில் நெரிசலே மையமான கேள்வி. பணிகளை ஒரே நேரத்தில் பரப்புவது நல்லதா, சிறிது தள்ளித் தள்ளித் தொடங்குவது நல்லதா என்பதற்கு விடை நெரிசலைப் பொறுத்தது. நெரிசலே இல்லாத உலகில் எல்லாவற்றையும் உடனே பரப்புவதுதான் எப்போதும் வெல்லும். அந்த உலகில் வென்ற வழிமுறை வெளியே வந்தால் தோற்கலாம். எண் சற்றுக் கூடக் குறைய இருப்பது பொறுக்கத்தக்கது. எது மேல், எது கீழ் என்ற வரிசையே தலைகீழாவது ஆய்வையே அழிக்கும்.

சிம்கிரிட் இங்கேதான் வேறுபடுகிறது. ஒரே இணைப்பில் பல தரவோட்டங்கள் சென்றால் அலைவரிசையை அவற்றுக்குள் பங்கிட்டுக் கணக்கிடுகிறது. அதை உருவாக்கியவர்கள் தம் மாதிரி சரி என்று காட்டுவதோடு நிற்காமல், அது எங்கே தவறுகிறது என்று தாங்களே எதிர்க்காட்டுகளைத் தேடி, திருத்தி, 2013இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டனர். தன் கருவியைத் தானே பொய்ப்பிக்க முயலும் இந்தப் பழக்கம் நம் ஆய்வேடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சிம்கிரிட்டைப் பயன்படுத்தினாலே உண்மை வந்துவிடும் என்றும் கொள்ளக்கூடாது. அதற்கும் இணைப்பின் வேகம், தாமதம், வட்டின் வேகம் ஆகியவற்றை நாம்தான் தர வேண்டும். தவறான எண்களைக் கொடுத்தால் நுணுக்கமாகத் தவறிய விடை வரும். கற்றுக்கொள்ளவும் கூடுதல் காலம் பிடிக்கும். நெறியாளரும் தேர்வாளரும் கிளவுட்சிம்மை அறிந்தவர்களாக இருக்கும்போது, அறியாத கருவியோடு வாய்மொழித் தேர்வுக்குப் போக மாணவர் தயங்குவது இயல்பே. இது மாணவரின் பிழையன்று.

சுழியமாக்கப்பட்ட தாமதங்கள்

வொர்க்ஃப்ளோசிம்மின் ஆசிரியர்கள் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் முன்வைத்த முதன்மை வாதமே, பணிப்பாய்வு அமைப்பில் ஏற்படும் தாமதங்களையும் பணித் தோல்விகளையும் விட்டுவிட்டால் உருவகம் உண்மையிலிருந்து விலகிவிடும் என்பதுதான். வரிசையில் காத்திருக்கும் நேரம், பணிப்பொறி அடுத்த பணியை வெளிவிட எடுக்கும் நேரம், முடிந்தபின் செய்திகளைத் திரட்டும் நேரம் என ஒவ்வொன்றுக்கும் கருவியில் இடம் வைத்தனர். ஆனால் எல்லோரும் நகலெடுக்கும் அடிப்படை எடுத்துக்காட்டில் அவை யாவும் சுழியம். தாமதம் இல்லை என்று அங்கே ஒரு குறிப்புவரியும் உண்டு. கருவியின் சிறப்பே எதுவோ அதை அணைத்துவிட்டு, கருவியின் பெயரை மட்டும் மேற்கோள் காட்டும் நிலை இதனால் ஏற்படுகிறது.

வாடகைக் கணக்கும் இப்படியே. அமேசான் 2017 அக்டோபர் முதல் லினக்ஸ் எந்திரங்களுக்கு நொடிக்கணக்கில் வாடகை வாங்கத் தொடங்கியது. அதற்கு முன் 61 நிமிடம் ஓடினால் 2 மணி நேர வாடகை. அந்த மிச்ச 59 நிமிடத்தில் வேறு பணியை நுழைத்துச் சிக்கனம் செய்வதே பழைய வழிமுறைகள் பலவற்றின் உயிர்நாடி. அக்கணக்கையே இன்றும் எடுத்துக்கொண்டு சிக்கனம் காட்டுவது, ஒழிந்துபோன கட்டண முறைக்கு மருந்து கண்டுபிடிப்பது போன்றது.

ஐந்து கோப்புகளும் கோடைக்கானலும்

இத்துறையில் ஐந்து பணிப்பாய்வுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: மாண்டேஜ், சைபர்ஷேக், எபிஜெனோமிக்ஸ், லைகோ இன்ஸ்பைரல், சிஃப்ட். வானியல், நிலநடுக்கம், மரபியல், ஈர்ப்பலை, பாக்டீரிய ஆர்என்ஏ என்று துறைகள் பரந்தவை. 2008இல் பரதி முதலானோர் இவற்றின் இயல்புகளை விவரித்தனர். புழக்கத்தில் உள்ள கோப்புகள் உண்மையான ஓட்டங்களின் பதிவுகள் அல்ல; உண்மையான ஓட்டங்களை அளந்து பெற்ற பரவல்களைக் கொண்டு ஆக்கப்பட்ட செயற்கைக் கோப்புகள். இவற்றை உண்மையான அறிவியல் பணிப்பாய்வுகள் என்று ஆய்வேட்டில் எழுதுவது பாதி உண்மை. ஈர்ப்பலை முதன்முதலில் பதிவானது 2015 செப்டம்பரில். அதைத் தேடும் பணிப்பாய்வின் உருவமோ அதற்கு ஏழாண்டுகள் முன்பே விவரிக்கப்பட்டுவிட்டது. இடையில் வட்டுகளும் வலையமைப்புகளும் செயலிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. இக்குறையை உணர்ந்தே 2020க்குப் பின் டபிள்யூஎஃப்காமன்ஸ் என்ற திட்டம் உண்மையான ஓட்டப் பதிவுகளைத் திரட்டி வெளியிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர் பழைய ஐந்தை விட்டு அங்கே செல்வது நல்லது.

அதைவிட அருகிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. திண்டுக்கல் நகரிலிருந்து தென்மேற்கே தெரியும் மலைகளின் மேல், இதே மாவட்டத்தில், கோடைக்கானல் சூரிய ஆய்வகம் உள்ளது. 1899இல் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிம ஓட்டத்தைக் கண்டறிந்தது இங்கேதான். 1904 முதல் வெண்ணொளியிலும், 1907 முதல் கால்சியம் நிறமாலைக் கோட்டிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபாக் கோட்டிலும் சூரியனைப் படமெடுத்து வந்துள்ளனர். அந்தப் படத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மமாக்கியுள்ளது. ஒரு படம் 4096க்கு 4096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். அதாவது ஏறத்தாழ 33.5 மெகாபைட்.

இப்படங்களைச் செயற்படுத்துவது தானே ஒரு பணிப்பாய்வு. ஒவ்வொரு படத்திலும் கருமையளவை ஒளிச்செறிவாக மாற்ற வேண்டும்; சூரிய வட்டின் மையத்தையும் ஆரத்தையும் காண வேண்டும்; வடக்கு மேலே வருமாறு திருப்ப வேண்டும்; விளிம்பு மங்குவதைச் சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் படத்துக்குப் படம் தனித்தனியே நடக்கலாம். பிறகு சூரியன் ஒரு முறை சுற்றும் ஏறத்தாழ 27 நாட்களின் படங்களைச் சேர்த்து ஒரு முழு வரைபடம் ஆக்கலாம். விரிந்து சென்று மீண்டும் குவியும் இவ்வடிவம் மாண்டேஜை ஒத்தது.

நாளுக்கு ஒரு படம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 27 படங்கள், 900 மெகாபைட்டுக்குச் சற்று மேல். முன்பு சொன்ன 15 மெகாபைட் சேமிப்பகத்திலிருந்து இவற்றை 27 எந்திரங்கள் ஒரே நேரத்தில் கேட்டால், வொர்க்ஃப்ளோசிம் கணக்குப்படி இரண்டே கால் நொடியில் எல்லாம் வந்துவிடும். பங்கிட்டுக் கணக்கிட்டால் ஒரு நிமிடம். உயர்நிலைப் பள்ளி மாணவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய வகுத்தல் இது. இதைப் போட்டுப் பார்க்காமல் ஆய்வேடு எழுதப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

எதனோடு ஒப்பிடுவது

கருவியின் குறைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாகாது. ஒப்பிடும் முறையிலும் குறை உண்டு. புதிய வழிமுறையை முதலில் வந்ததை முதலில் ஓட்டும் முறையோடும், சுழல்முறையோடும் ஒப்பிட்டு வென்றதாக அறிவிப்பது எளிது. அவ்விரண்டும் பணிகளின் நீளத்தையே பார்க்காதவை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுபவரை முந்துவதில் பெருமையில்லை. வொர்க்ஃப்ளோசிம்மிலேயே ஹெஃப்ட் தயாராக எழுதி வைக்கப்பட்டுள்ளது. அதனோடு ஒப்பிடாத கட்டுரையைத் தேர்வாளர் திருப்பி அனுப்பலாம்.

மரபணு, பறவைக் கூட்ட வழிமுறைகள் தற்செயல் எண்களைக் கொண்டு இயங்குபவை. ஒருமுறை ஓட்டி வந்த எண்ணைப் பட்டை வரைபடமாக்குவது போதாது. வெவ்வேறு தொடக்க எண்களோடு பலமுறை ஓட்டிச் சராசரியையும் சிதறலையும் சேர்த்துத் தர வேண்டும். சிமுலேட்டரில் இதற்குச் செலவே இல்லை. இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். உண்மையான எந்திரங்களில் செய்பவருக்கு இல்லாத இந்த ஒரே பெரிய வசதியையும் பயன்படுத்தாமல் விடுவதை ஏற்க முடியவில்லை.

பணிகளின் நேரம் முன்கூட்டியே துல்லியமாகத் தெரியும் என்று கொள்வதும் இத்தகையதே. கோப்பில் 13 நொடி என்று உள்ளது. வழிமுறைக்கும் 13 என்றே காட்டப்படுகிறது. ஓடும்போதும் 13ஆகவே ஓடுகிறது. வாடகை எந்திரங்களின் வேகம் ஒரே வகைக்குள்ளும் நேரத்துக்கு நேரம் மாறுவது 2010லேயே அளந்து காட்டப்பட்டது. வழிமுறைக்கு 13 என்று சொல்லிவிட்டு, ஓடும்போது 10க்கும் 16க்கும் இடையில் மாறவிட்டுப் பார்த்தால் எத்தனை திமிங்கிலங்கள் கரையேறும் என்பது சுவையான கேள்வி.

இதற்கெல்லாம் பெரிய வசதி தேவையில்லை. கல்லூரி ஆய்வகத்தில் மாலை ஐந்து மணிக்குப் பின் நான்கு கணினிகள் கிடைத்தால் போதும். கோடைக்கானல் படங்களைப் போன்ற அளவுள்ள 27 கோப்புகளை ஒரு கணினியில் வைத்து, மற்ற மூன்றிலிருந்தும் வலையமைப்பு வழியே படித்து, ஏதேனும் ஓர் எளிய படச் செயற்பாட்டைச் செய்து, ஆகும் நேரத்தை அளக்கலாம். முதலில் ஒரு கணினி மட்டும், பிறகு இரண்டு, பிறகு மூன்றும் ஒரே நேரத்தில். பின்னர் அதே அமைப்பை, அளந்த அதே வட்டு வேகத்தோடும் வலையமைப்பு வேகத்தோடும், வொர்க்ஃப்ளோசிம்மிலும் சிம்கிரிட்டிலும் எழுதி ஓட்டலாம். அளந்த நேரம், முதல் கருவி சொன்ன நேரம், இரண்டாம் கருவி சொன்ன நேரம் என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும். ஆய்வேட்டில் முதல் அட்டவணையாக அதை வைக்கலாம், புதிய வழிமுறையின் பெயர் வருவதற்கு முன்பாகவே.